முதலில் பேரம், அப்புறம் வளைகோடு

கம்பத்தில் முதலாண்டு பிள்ளைகளுக்குப் பொருளாதாரம் எடுக்கிறேன். பன்னிரண்டு வருடம், எந்த விலைக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் தேவை வளைகோட்டைப் பலகையில் வரைந்து, எவ்வளவு விற்பார்கள் என்று காட்டும் அளிப்பு வளைகோட்டைக் குறுக்கே போட்டு, வெட்டும் இடத்தில் சமநிலை விலை என்று எழுதினேன். பிள்ளைகளும் அப்படியே நோட்டில் எழுதி, பரீட்சையிலும் வரைந்துவிட்டுப் போனார்கள். அவர்களில் பல பேருடைய அம்மாக்கள் விடியற்காலையில் தூக்குவாளியோடு ஜீப் ஏறி, கம்பமெட்டு வழியாக இடுக்கி ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறார்கள். அந்தக் கூலிக்கும் நான் வரைந்த கோட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க நான் யாருக்கும் இடமே கொடுத்ததில்லை.

இப்போது முதல் வகுப்பிலேயே சீட்டு கொடுத்துவிடுகிறேன். பாதிப் பேர் ஏலக்காய் வியாபாரி, பாதிப் பேர் விவசாயி. வியாபாரி சீட்டில் இதற்கு மேல் வாங்காதே என்று ஒரு விலை, விவசாயி சீட்டில் இதற்குக் கீழே விற்காதே என்று ஒரு விலை. சீட்டைக் காட்டக்கூடாது, கேட்கிற விலையை மட்டும் எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். படிந்த விலையைப் பலகையில் எழுதுவேன். போன வாரம் முதல் சுற்றில் 1,400, 900, 1,250 என்று தாறுமாறாக வந்தது. மூன்றாம் சுற்றில் எல்லாம் 1,100ஐ ஒட்டி நின்றது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், "மிஸ், விலையை யாருமே வைக்கலையே, எப்படி எல்லாரும் ஒரே இடத்துக்கு வந்தோம்?" என்றாள். பதில் சொல்லாமல் எல்லாச் சீட்டையும் வாங்கி, வரிசைப்படுத்தி, அவளையே கோடு வரையச் சொன்னேன்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியர் சேம்பர்லின் தன் வகுப்பில் இப்படிச் சந்தை நடத்தி 1948ல் கட்டுரை எழுதினார். தனித்தனியாகப் பேரம் பேசியதில் விலை சமநிலைக்கு வரவில்லை. பின்னால் அவருடைய மாணவராக அதில் கலந்துகொண்ட வெர்னன் ஸ்மித், தானே ஆசிரியரானதும் விலையை எல்லார் காதிலும் விழும்படி சொல்லவைத்துப் பல சுற்று நடத்தினார், விலை நெருங்கி வந்தது. 1962ல் அதை எழுதினார், 2002ல் நோபல் பரிசு.

இப்படி நடத்தினால் சிலபஸ் முடியாது என்கிறார்கள். வரையறைகளைப் பத்து நிமிட வீடியோவாக முந்தின நாளே போனில் அனுப்பிவிடுகிறேன், அது போதும். ஆனால் வீடியோ மட்டுமே வகுப்பாகிவிடக் கூடாது, கொரோனாவில் அதைப் பார்த்தாயிற்று. வகுப்பு நேரம் பேசித் தீர்க்க வேண்டியவற்றுக்கு. உதாரணமாக, 2019 ஆகஸ்ட்டில் இடுக்கியில் புற்றடி ஏல மையத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. முந்தின வருட வெள்ளம், அப்புறம் மழையில்லாமை, சரக்கு இல்லை. 2022ல் அதே காய் ஆயிரத்துக்குக் கீழே. விலை ஏன் இப்படி ஏறி இறங்கியது என்று பேசியபோது, இன்று நட்ட செடி காய்க்க இரண்டு மூன்று வருடமாகும் என்பதை அந்தப் பிள்ளைகள்தான் எனக்குச் சொன்னார்கள்.

அடுத்த வாரம் கூலிச் சந்தை. மலைக்கு மேலே என்ன கூலி, இங்கே என்ன கூலி, ஜீப்புக்கு எவ்வளவு போகிறது என்று வீட்டில் கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.