சிவப்பு விளக்கு எரிந்தால் திருட்டு என்று அர்த்தமல்ல

"கடையில் நாமே பில் போடும் இயந்திரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால், அந்த ஆள் எதையோ திருடிவிட்டார் என்று பொருள்" என்றொரு செய்தி கைப்பேசிகளில் சுற்றிவருகிறது. இது தவறு.

பல இயந்திரங்களில் பை வைக்கும் தட்டின் அடியில் தராசு இருக்கிறது. பார்கோடைக் காட்டியதும், அந்தப் பொருளுக்குப் பதிவாகியுள்ள எடையும் தட்டில் கூடிய எடையும் ஒத்துப்போகின்றனவா என்று இயந்திரம் பார்க்கிறது. ஒத்துப்போகாவிட்டால் நின்றுவிடும்; சிவப்பு விளக்கும் எரியும். அவ்வளவுதான். வீட்டிலிருந்து கொண்டுவந்த துணிப்பையை வைத்தாலே இது நடக்கலாம். கூட வந்த குழந்தை தட்டின் விளிம்பில் கையூன்றினாலும் நடக்கலாம். வாழ்த்து அட்டை போன்ற லேசான பொருளைத் தராசு உணராமலே போகலாம். மது போன்ற வயது வரம்புள்ள பொருள் என்றால், ஊழியர் வந்து சரிபார்க்கவும் விளக்கு எரியும்.

இரண்டு மூன்று பொருள்களுக்கு இந்த இயந்திரம் வசதிதான், மறுக்கவில்லை. கூடை நிறைந்தால் கதை வேறு. பிரிட்டனின் பூத்ஸ் பல்பொருள் அங்காடி நிறுவனம் 2023இல் பெரும்பாலான கடைகளிலிருந்து இவற்றை அகற்றியது. வேகமும் நம்பகமும் இல்லை என வாடிக்கையாளர்கள் சொன்னதே அது கூறிய காரணம். அமெரிக்காவின் டார்கெட் என்ற கடைத்தொடர் நிறுவனம் 2024 மார்ச்சில் பெரும்பாலான கடைகளில் இந்த இயந்திரத்துக்கு 10 பொருள்கள் என வரம்பு வைத்தது.

விளக்கு எரிந்ததும் வரிசையே திரும்பிப் பார்க்க, முதியவர்கள் கூனிக்குறுகி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பார்வைக்கு இந்தப் பொய்ச்செய்தியும் காரணம். தயவுசெய்து இதைப் பகிராதீர்கள். உங்களுக்கு விளக்கு எரிந்தால், பையை எடுக்காமல் ஊழியரைக் கூப்பிடுங்கள்.