சளிக்கு எதுக்கு அண்ணாச்சி அசித்ரோமைசின்?

நெல்லைப் பக்கம் மேலப்பாளையமோ முக்கூடலோ, சாயங்காலம் ஏதாவது ஒரு மெடிக்கல் ஷாப் முன்னால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஒரு அம்மா வந்து கேட்பார்: "அண்ணாச்சி, பிள்ளைக்கு ரெண்டு நாளா சளி, நல்லா பவரா ஒரு மருந்து தாங்க." அசித்ரோமைசின் என்கிற ஆன்டிபயாடிக் சிரப் கைக்கு வந்துவிடும், டாக்டர் சீட்டைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை.

சளி பெரும்பாலும் வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக்குக் கேட்காது, இது சொல்லிச் சலித்த விஷயம். ஆனால் குடித்த மருந்து சும்மாவும் போவதில்லை, தொண்டையில் ஏற்கெனவே குடியிருக்கிற கிருமிகளிடம் வேலையைக் காட்டுகிறது. நோயே இல்லாதவர்களுக்கு இதே அசித்ரோமைசினை மூன்று நாள் கொடுத்துப் பார்த்த பெல்ஜியம் ஆய்வு ஒன்று 2007இல் வந்தது. மருந்துக்கு மசியாத ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்கிற பாக்டீரியா தொண்டையில் பெருகி, ஆறு மாசம் ஆன பிறகும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை.

சரி, அதே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனத்தைச் சேர்ந்த நிமோகாக்கஸுக்கு வருவோம். நிமோனியாவையும் மூளைக்காய்ச்சலையும் கொண்டுவருகிற இந்தக் கிருமி, பெரும்பாலான நேரம் சின்னப் பிள்ளைகளின் மூக்குக்குப் பின்னால் எந்தத் தொந்தரவும் தராமல் இருக்கும். பக்கத்தில் ஒரு கிருமி செத்து உடைந்தால் அதன் டிஎன்ஏவை எடுத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். (டிஎன்ஏதான் மரபுப்பொருள் என்று 1944இல் ஏவரி என்ற விஞ்ஞானியின் குழு கண்டதே இந்தப் பழக்கத்தை வைத்துத்தான்!) பெனிசிலினுக்கு அடங்காத நிமோகாக்கஸின் மரபணுவைப் படித்தால், ஒட்டுப்போட்ட துணி மாதிரி, தொண்டையில் சாதுவாக வாழும் வேறு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகளின் துண்டுகள் நடுநடுவே கிடக்கின்றன. 2011இல் ஒரே வம்சத்தைச் சேர்ந்த 240 நிமோகாக்கஸ் மாதிரிகளின் மரபணுத்தொகுதியை முழுதாக வாசித்தார்கள், 700 தடவைக்கு மேல் அது வெளியிலிருந்து டிஎன்ஏ வாங்கியிருந்தது. சாதுக் கிருமிகளை மருந்துக்குப் பழக்கினால் அந்த மருந்தை எதிர்க்கும் சரக்கு யாரிடம் போய்ச் சேரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இதற்காக அந்த அம்மாவைத் திட்ட எனக்கு மனசு வராது. அரசு ஆஸ்பத்திரி ஓபி வரிசையில் அரை நாள் நின்றால் அன்றைக்குச் சுற்ற வேண்டிய பீடி போச்சு, கூலியும் போச்சு. பீடி சுற்றும் ஊர்களில் சாயங்கால ஓபி ஒழுங்காக நடந்தால் கடைக்கூட்டம் பாதி குறையும் என்பது என் கணக்கு.

அப்புறம் தடுப்பூசி. 2021இலிருந்து நம் அரசு மருத்துவமனைகளில் நிமோகாக்கஸ் ஊசி இலவசம்: 6 வாரம், 14 வாரம், 9 மாசம். ஊசி தடுக்கிற நிமோகாக்கஸ் வகைகள் மூக்கில் குடியேறுவதே குறைகிறது. ஆனால் காலியான இடத்துக்கு ஊசி தடுக்காத வகைகள் வரும், பல நாடுகளில் வந்திருக்கின்றன. அதைக் கண்டுபிடிக்கத்தான் மரபணு வாசிப்பு. பெரிய நகரத்து ஆய்வகங்களோடு நின்றுவிடாமல், நம் பக்கத்துப் பிள்ளைகளின் மூக்கிலிருந்தும் மாதிரி எடுத்து வருஷா வருஷம் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.