தண்டனை வந்த அன்றே டாக்டர் வீட்டுக்குப் போனது சரிதான், ஆனால்...

"ஒரு வருஷம் ஜெயில்னுதானே சார் ஜட்ஜ் சொன்னாங்க? அப்புறம் எப்படி கார் ஏறிப் போறாரு?"

நீதிமன்ற வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டவர், இறந்துபோன நோயாளியின் அண்ணன். டாக்டரின் கவனக்குறைவுதான் சாவுக்குக் காரணம் என்று மாஜிஸ்திரேட் தீர்ப்பு சொல்லி முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் ஜாமீன் பத்திரத்தில் கையெழுத்தாகி டாக்டர் கிளம்பிவிட்டார். வழக்கில் நான் இந்தக் குடும்பத்தின் பக்கம். ஆனாலும் அந்த ஜாமீன் சட்டப்படி சரிதான் என்று அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எதிர்தரப்பு வக்கீலைக்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 389 என்று ஒரு பிரிவு. அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் என்ற புதிய நடைமுறைச் சட்டத்தில் இப்போது அது 430. விசாரணைக் காலத்தில் ஜாமீனில் இருந்தவருக்கு 3 ஆண்டுக்கு மேற்படாத தண்டனை கிடைத்து, அவர் மேல்முறையீடு போகப்போகிறேன் என்றால், தண்டித்த நீதிமன்றமே அதற்குத் தேவையான காலத்துக்கு அவரை ஜாமீனில் விட வேண்டும். மறுப்பதென்றால் தனிக் காரணம் சொல்ல வேண்டும். அதன்பிறகு மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைக்கலாம். டாக்டருக்கென்று போட்ட சலுகை இல்லை இது. விபத்து வழக்கில் தண்டனை வாங்கிய லாரி டிரைவருக்கும் இதே பிரிவுதான். "டாக்டரை உள்ளே வைத்தால் ஆபரேஷன் யார் செய்வது" என்ற வாதம் எனக்கு எப்போதும் எரிச்சல்தான். அந்த வாதம் இல்லாமலேயே அவர் வெளியே வரலாம்.

பலர் இந்தக் கட்டத்தில் ஆட்கொணர்வு மனு போடலாமே என்று கேட்கிறார்கள். நடக்காது. யாரையாவது சட்டத்துக்குப் புறம்பாக அடைத்து வைத்தால்தான் அந்த மனு. நீதிமன்றம் விசாரித்துத் தண்டித்து அனுப்பிய காவலை அதில் உடைக்க முடியாது. அமெரிக்காவில் தண்டனைக்குப் பிறகும் அதே பெயரில் ஒரு வழி உண்டு, ஆனால் மாநில நீதிமன்றங்களில் இருக்கிற கதவையெல்லாம் தட்டி முடித்த பிறகுதான். நம் ஊரில் சிறையை எதிர்க்கும் வழி என்றால் மேல்முறையீடும் தண்டனை நிறுத்திவைப்பும்தான்.

சரி, அந்த நிறுத்திவைப்பு ஏன் வேண்டும்? இங்கிலாந்தில் டேவிட் செல்லு என்ற குடல் அறுவை மருத்துவரின் கதையைப் பாருங்கள். முழங்கால் அறுவைக்கு வந்த ஒரு நோயாளிக்குக் குடலில் ஓட்டை விழுந்தது. அறுவை தாமதமானது. 2010 பிப்ரவரியில் அவர் இறந்தார். 2013 நவம்பரில் செல்லுவுக்கு இரண்டரை ஆண்டுச் சிறை. மேல்முறையீட்டுக் காலத்தில் ஜாமீன் என்பது அங்கே அபூர்வம். 15 மாதம் உள்ளே இருந்துவிட்டு 2015இல் வெளியே வந்தார். 2016 நவம்பரில்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது: மிகக் கடுமையான அலட்சியம் என்றால் என்ன என்பதை நீதிபதி ஜூரிக்குப் போதுமான அளவு விளக்கவில்லையாம். அதற்குள் மனிதர் சிறைவாசத்தை முடித்து ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

மைக்கேல் ஜாக்சனின் டாக்டர் கான்ராட் முர்ரே கதையில் முடிவு வேறு, கோளாறு அதேதான். 2011இல் 4 ஆண்டுத் தண்டனை. மேல்முறையீட்டுக் கால ஜாமீன் மறுக்கப்பட்டது. 2013 அக்டோபரில் விடுதலை. அவருடைய மேல்முறையீடு தள்ளுபடியானது 2014 ஜனவரியில்! அவர் தோற்றார், சரி. ஒருவேளை ஜெயித்திருந்தால் அந்த இரண்டு வருஷத்தை யார் திருப்பிக் கொடுத்திருப்பார்கள்?

மருத்துவ வழக்குகளில் தீர்ப்பு மேலே போய்ப் புரள்வதற்கு வாய்ப்பும் உண்டு. எல்லாம் 'மிகக் கடுமையான' என்ற ஒரு சொல்லில் நிற்கிறது. ஜேக்கப் மாத்யூ என்ற டாக்டரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005இல் சொன்னது அதுதான்: நஷ்டஈடு கேட்கப் போதுமான கவனக்குறைவு வேறு, கிரிமினல் குற்றமாகும் கவனக்குறைவு வேறு, இரண்டாவது மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும். அந்த வழக்கின் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். மூச்சுத் திணறும் நோயாளி. ஆக்சிஜன் குழாயை முகத்தில் வைத்ததும் திணறல் இன்னும் கூடுகிறது, எழுந்திருக்கப் பார்க்கிறார். சிலிண்டர் காலி. பக்கத்து அறைக்கு ஓடி மகனே இன்னொரு சிலிண்டரைக் கொண்டுவருகிறார். படிக்கிற யாருக்கும் ரத்தம் கொதிக்கும். ஆனால் சிலிண்டர் காலியானது அந்த டாக்டரின் குற்றமா, மருத்துவமனை நிர்வாகத்தின் பொறுப்பா? நீதிமன்றம் கிரிமினல் வழக்கை ரத்து செய்தது. எனக்கு அந்த முடிவில் இன்றும் கொஞ்சம் உறுத்தல் உண்டு, ஆனால் அந்தக் கேள்வி நியாயமானது.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்ஸில், கவனக்குறைவால் நேரும் சாவுக்கான 106(1) பிரிவு டாக்டர்களுக்குச் சலுகை காட்டிவிட்டதாக ஒரு பேச்சு ஓடுகிறது. மற்றவர்களுக்கு 5 ஆண்டு வரை, டாக்டருக்கு மட்டும் 2 ஆண்டு வரை என்பது உண்மை. ஆனால் பழைய 304 ஏ பிரிவிலும் உச்சம் 2 ஆண்டுதான், அதோடு வெறும் அபராதத்தோடு விடவும் அதில் இடம் இருந்தது. புதிய பிரிவில் சிறையும் உண்டு, கூடவே அபராதமும் உண்டு. சலுகை என்று கொண்டாடும் டாக்டர் நண்பர்கள் பிரிவை இன்னொரு தடவை படிப்பது நல்லது.

இனி அந்த அண்ணனின் பக்கம். 1999இல் பகவான் ராமா ஷிண்டே கோசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், குறிப்பிட்ட காலத்துக்கு விதித்த தண்டனையைத் தாராளமாக நிறுத்திவைக்கச் சொன்னது. நிறுத்தாவிட்டால் மேல்முறையீட்டைச் சீக்கிரம் கேள் என்றும் சொன்னது. உள்ளே இருப்பவருக்கு அவசரம் புரிகிறது. வெளியே வந்துவிட்டவரின் மேல்முறையீட்டுக்கு யாருக்கும் அவசரமில்லை. டாக்டர் அடுத்த திங்களே ஓ.பி. பார்க்கலாம். வழக்குக் கட்டு பீரோவில் தூங்கலாம். நிறுத்திவைப்பு என்றால் தண்டனைதான் நிற்கிறது, குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே இருக்கிறது என்று நான் விளக்கினேன். "அதை வெச்சு நான் என்ன சார் பண்ணட்டும்?" என்றார். அவர் கேட்டது நியாயம். என் கருத்து இதுதான்: டாக்டரை வெளியே விடுங்கள், ஆனால் நிறுத்திவைக்கும் உத்தரவிலேயே மேல்முறையீட்டை முடிக்க ஒரு கெடுவும் எழுதுங்கள். அவர் வாய்தா வாங்கி இழுத்தடித்தால் நிறுத்திவைப்பை நீக்குங்கள்.

மேல்முறையீட்டு எண் வந்ததும் சொல்லுங்கள் என்று அந்த அண்ணன் கேட்டிருந்தார். போன வாரம் வந்தது. போனில் சொன்னேன், எழுதிக்கொண்டார். முதல் வாய்தா எப்போது என்று கேட்டார். நாலு மாதம் கழித்து என்றேன். சீக்கிரம் கேட்கச் சொல்லி ஒரு மனு தயார் செய்துகொண்டிருக்கிறேன்.