ஜெயன்ட் ரோபோவை ரப்பர் பொம்மை என்று ஒதுக்காதீர்கள்

எண்பதுகளில் தூர்தர்ஷன் பார்த்து வளர்ந்தவர்களிடையே ‘ஜெயன்ட் ரோபோ’ தொடரைப் பற்றிய பேச்சு எழுந்தால் பெரும்பாலும் இரண்டு குரல்களைத்தான் கேட்கிறேன். ஒன்று, அந்தக் காலம் இனி வருமா என்ற பெருமூச்சு. மற்றொன்று, கம்பியில் தொங்கிய பொம்மை விமானங்களையும் ரப்பர் உடை அணிந்து வந்த பூதங்களையும் இன்றைய கணினி வரைகலையோடு ஒப்பிட்டுச் சிரிக்கும் ஏளனம். இரண்டுமே அந்தத் தொடருக்கு நியாயம் செய்யவில்லை என்பது என் உறுதியான கருத்து. ஒரு சிறுவனின் கையில் அளவற்ற வலிமையைக் கொடுத்தால் அவன் என்ன ஆவான் என்ற கேள்வியைக் குழந்தைகளிடமே நேராகக் கேட்ட தொடர் அது. நாம் நினைவுகூர வேண்டியது அந்தக் கேள்வியைத்தான்.

என் வயதுக்காரர்கள் பலர் அதைக் கார்ட்டூன் என்றே நினைவில் வைத்திருக்கிறார்கள். உண்மையில் அது நடிகர்கள் நடித்த தொடர். ஜப்பானியப் படக்கதை ஓவியர் மிட்சுதெரு யோகோயாமா 1967ஆம் ஆண்டு வரையத் தொடங்கிய கதையை டோயி நிறுவனம் தொலைக்காட்சிக்காக எடுத்தது. அவ்வாண்டு அக்டோபரில் தொடங்கி, 1968 ஏப்ரலில் 26 பகுதிகளோடு நிறைவடைந்தது. டைசாகு என்ற சிறுவன், அமெரிக்காவுக்காக ஆங்கிலத்தில் குரல் மாற்றியபோது ஜானி சோக்கோ ஆனான். அந்தப் பெயரோடுதான் நம் ஊர்களுக்கும் வந்து சேர்ந்தான்.

கதையின் உயிர்நாடி முதல் பகுதியிலேயே இருக்கிறது. விண்ணிலிருந்து வந்த கில்லட்டின் என்ற கொடியவன் அறிவியலாளர்களைக் கடத்திச் சென்று, உலகை அழிக்க ஒரு மாபெரும் இயந்திர மனிதனைச் செய்ய வைக்கிறான். அங்கே சிக்கிக்கொண்ட சிறுவனின் கைக்கு, அந்த இயந்திரத்தை இயக்கும் கடிகாரம் தற்செயலாக வந்து சேர்கிறது. அதில் முதலில் பதிவாகும் குரலுக்கு மட்டுமே ரோபோ கட்டுப்படும். அந்தக் குரல் ஒரு தளபதியின் குரலாக இல்லாமல், ஓர் அமைச்சரின் குரலாகவும் இல்லாமல், அரைக்கால் சட்டை அணிந்த பையனின் குரலாகிவிடுகிறது. அதன் பிறகு, உலகைக் காக்கும் யூனிகார்ன் என்ற இரகசிய அமைப்பின் பெரியவர்கள் எல்லோரும் எவ்வளவு திட்டம் தீட்டினாலும், கடைசியில் அந்தப் பையனின் முகத்தைத்தான் பார்த்து நிற்க வேண்டும்.

இந்த நிபந்தனையின் அருமை, யோகோயாமா அதற்கு முன் செய்ததோடு சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும். 1956ஆம் ஆண்டு அவர் தொடங்கிய ‘டெட்சுஜின் 28’ கதையிலும் ஒரு சிறுவனும் ஓர் இரும்பு மனிதனும் உண்டு. போருக்காக ஜப்பானியப் படை இரகசியமாகச் செய்த ஆயுதம் அது. அதை இயக்கும் பெட்டி நல்லவன் கையில் இருந்தால் நன்மை செய்யும், கெட்டவன் கைக்குப் போனால் கேடு செய்யும். 1934இல் கோபே நகரில் பிறந்து, தன் ஊர் விமானக் குண்டுகளில் எரிந்து தரைமட்டமாகிக் கிடந்ததைச் சிறுவயதிலேயே கண்ட ஒருவருக்கு, ஆயுதம் யாருக்கும் சொந்தமில்லை என்று தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் ஜெயன்ட் ரோபோவில் அவர் ஒரு படி மேலே போனார். இங்கே கடிகாரத்தைப் பிடுங்கினால் மட்டும் போதாது, பையனின் குரலும் வேண்டும். ஆகவே பொறுப்பையும் அவன் வேறு யாரிடமும் ஒப்படைத்துவிட்டு விளையாடப் போக முடியாது.

இதை முதலில் எனக்கு உணர்த்தியவர் எங்கள் ஐயா, அதாவது தாத்தா. காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் எங்கள் வீடு. வணிகம் செய்யப் பர்மாவுக்குப் போய், 1942இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தபோது இருந்ததையெல்லாம் விட்டுவிட்டுக் காட்டு வழியே நடந்து ஊர் திரும்பியவர் அவர். எங்கள் வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், சுவரை அலங்கரிக்கும் பூ ஓடுகளும் ஜப்பானிலிருந்து வந்தவை, அவரது சொத்தைப் பறித்த படையும் ஜப்பானிலிருந்து வந்தது. வளவு நிறையத் தெருப்பிள்ளைகள் உட்கார்ந்து தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் பின்னால் நாற்காலியில் அமர்ந்து கேட்டார்: “அது அந்தப் பய சொன்னா மட்டுந்தான் கேக்குமா? பெரியவுக சொன்னா கேக்காதா?” கேட்காது ஐயா என்று சொன்னேன். “அப்ப அவனுக்கு ராத்திரி தூக்கமே வராதே தம்பி” என்றார். எங்களுக்கெல்லாம் பொறாமையாக இருந்த இடத்தில் அவருக்குப் பரிதாபம் வந்தது. ஏவுகணை விரல்களையும் கண்ணிலிருந்து பாயும் கதிரையும் நாங்கள் எண்ணிக்கொண்டிருக்க, குண்டு விழுந்த நகரத்தைக் கண்ணால் கண்டவர் அந்தப் பையனின் சுமையைக் கண்டுகொண்டார். தொடரைப் பற்றி அதைவிடச் சரியான விமரிசனத்தை நான் இதுவரை எங்கும் படித்ததில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வசனம் தமிழில் இல்லை. மொட்டை மாடியில் உயரமாக நட்ட ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் படம் பிடித்த எங்களுக்கு, அதில் பேசப்பட்டதில் பாதிக்கு மேல் புரியவில்லை. ஆனாலும் கதை தவறியதே இல்லை. காரணம், ரோபோ பேசாது. எகிப்து மன்னரின் தலை போன்ற அந்த முகத்தில் ஒரு தசைகூட அசையாது, ஓர் உறுமலுக்கு மேல் ஒலியும் வராது. குனிவது, திரும்புவது, கையை நீட்டுவது, பையனைத் தூக்கிக்கொண்டு பறப்பது ஆகியவற்றைக் கொண்டே அதன் மனத்தை நாங்கள் படித்தோம். உலகில் வேறெங்கோ வசனம் புரிந்து பார்த்த பிள்ளைகளைவிட, வசனம் புரியாமல் பார்த்த நாங்கள் ரோபோவுக்கு இன்னும் நெருக்கமாக இருந்தோம் என்று நம்புகிறேன். தென்னங்கீற்றில் கைக்கடிகாரம் பின்னிக் கட்டிக்கொண்டு, அதில் வாயை வைத்துத் தமிழிலேயே கட்டளையிட்டோம். மின்வேதியியல் ஆய்வுக்கென்று சிக்ரி என்ற மத்திய ஆய்வு நிலையம் காரைக்குடியிலேயே இருப்பதால், ரோபோவுக்கு மின்கலம் தீர்ந்தால் அங்கே கொண்டுபோய்விடலாம் என்பதில் எங்களில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை.

அந்த மௌனம் எதற்காக இருந்தது என்பது கடைசிப் பகுதியில்தான் தெரியும். கில்லட்டின் பேருருவம் எடுத்து நிற்கிறான். அவன் உடலே அணு ஆற்றல், அவனைத் தாக்கினால் உலகமே வெடித்து அழியும். ஆற்றல் தீர்ந்து கிடந்த ரோபோ, யாரும் கட்டளையிடாமலேயே எழுகிறது. அவனைப் பிடித்துக்கொண்டு விண்ணில் பாய்கிறது. திரும்பி வா, திரும்பி வா என்று பையன் கடிகாரத்தில் கதறுகிறான். 26 பகுதிகளிலும் அவன் சொல்லைத் தட்டாத ரோபோ அப்போது மட்டும் கேட்கவில்லை, விண்கல்லில் மோதித் தன்னையும் அழித்துக்கொள்கிறது. அன்று வளவில் இருந்த பிள்ளைகளில் பலர் அழுதோம், நானும் அழுதேன். கட்டளைக்குக் கட்டுப்பட்ட ஒரு பொருள், கட்டளையை மீறிய கணத்தில் ஓர் உயிராகிவிடுகிறது என்பதை ரோபோவுக்கு ஒரு சொல் வசனமும் கொடுக்காமல் குழந்தைகளுக்குக் காட்டிய துணிச்சலை நான் இன்றும் வியக்கிறேன்.

அதற்குப் பின் மாபெரும் இயந்திர மனிதர்கள் எத்தனையோ வந்துவிட்டார்கள். 1972இல் வந்த ‘மாசிங்கர் இசட்’ பையனை ரோபோவின் தலைக்குள்ளேயே உட்கார வைத்தது. 1979இல் தொடங்கிய ‘கண்டம்’ (Gundam) அதைப் போர்க்களக் கதையாக வளர்த்தது. அவற்றை நான் குறைசொல்ல மாட்டேன். எனக்குக் குறையாகப்படுவது இன்று நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் பெரும்பாலான தொடர்கள்தான். பொம்மை விற்பனை நிற்கக் கூடாது என்பதற்காகவே அவற்றில் எந்த ரோபோவும் சாவதில்லை, எந்தக் கதையும் முடிவதில்லை. செத்தது அடுத்த பருவத்தில் புதிய வண்ணத்தோடு எழுந்து வந்துவிடுகிறது. பிரிவைத் தாங்கும் வலிமை குழந்தைகளுக்கு உண்டு என்று நம்பியவர்கள் 1968இல் இருந்தார்கள். இன்றைய தயாரிப்பாளர்களுக்கு அந்த நம்பிக்கை ஏன் போய்விட்டது என்று தெரியவில்லை.

ஆகவே குழந்தைகளுக்கான அலைவரிசை நடத்துவோரிடமும் இணையத் திரை நடத்துவோரிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இந்த 26 பகுதிகளையும் தமிழில் கொண்டு வாருங்கள். காட்சிகளை மெருகேற்றுகிறேன் என்று கம்பிகளையும் ரப்பர் மடிப்புகளையும் அழிக்க வேண்டாம், பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் அவற்றை மறந்துவிடுவார்கள். கடைசிப் பகுதியை வெட்ட வேண்டாம். பையனுக்கு மட்டும், வளர்ந்த கலைஞர் யாரும் சின்னக் குரலில் பேசாமல், பத்து வயதுப் பிள்ளை ஒருவனையே பேச வையுங்கள். ரோபோவின் உறுமலை அப்படியே விட்டுவிடுங்கள்.