ஏழாவது மாடி, மூன்று மணி வெயில்

இன்றைக்கும் மூன்று மணிக்கு மானிட்டரில் ஒன்றும் தெரியவில்லை. திருச்சியில் எங்கள் ஆபீஸ் ஏழாவது மாடி, மேற்குப் பக்கம் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. எக்ஸெல் கட்டங்கள் இருக்க வேண்டிய இடத்தில் என் மூஞ்சிதான் தெரிகிறது.

பிளைண்டை இறக்கலாம் என்றால் கயிறு கிடையாது. மோட்டார். அதற்கு ரிமோட். ரிமோட் அட்மின் மேசை டிராயரில். டிராயருக்குப் பூட்டு. சாவிக்காரர் சாப்பிடப் போயிருக்கிறார். போன் அடித்தேன், எடுக்கவில்லை. செக்யூரிட்டி அண்ணனிடம் கேட்டால், "எங்கிட்ட எதுவும் கொடுக்கலையே தம்பி" என்றார். மூன்று இருபதுக்குச் சாவிக்காரர் வந்தார், திறந்தார். ரிமோட்டில் பேட்டரி இல்லை! பிரிண்டர் பேப்பர் வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து மானிட்டர் மேல் கூரைபோலச் செருகினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, எடுக்கச் சொல்லிவிட்டார்கள். லுக் கெடுகிறதாம்.

யாருக்கய்யா லுக்? ஒன்பது மணி நேரம் அங்கே உட்காருகிறவன் நான். டிசைன் போட்டவர் ஒரே ஒரு நாள் மூன்று மணிக்கு இந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாரா? கண்ணாடி வெயிலை உள்ளே விடும், சூட்டை வெளியே விடாது. அதை அடக்க ஏசியை 18-ல் வைக்கிறார்கள். ஓரத்தில் எனக்கு முதுகு வேகிறது. நடுவில் காற்று நேராக இறங்கும் இடத்தில் இருக்கிற அக்கா சால்வை போர்த்தி டைப் அடிக்கிறார். ரூம் ஏசிகளே 24-ல் தொடங்கும்படி வர வேண்டும் என்று 2020-லிருந்து விதி இருக்கிறது.

இதில் டெல்டா தீம் வேறு. மீட்டிங் அறைகளுக்குக் கொள்ளிடம், வெண்ணாறு, அரசலாறு என்று பெயர். ரிசப்ஷன் சுவர் முழுக்க வினைலில் நெல் வயல். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற ஊரில், அந்த மாடியில் திறக்கிற ஜன்னல் ஒன்று கிடையாது! கரண்ட் போனால் ஜெனரேட்டரில் விளக்கு மட்டும்தான் எரியும், ஏசி கிடையாது. திருவையாறு பக்கம் எங்கள் தாத்தா வீட்டில் முற்றத்தில் வெளிச்சம் விழும், தாழ்வாரத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதலாம், கண் கூசாது. ஊர்க் கொத்தனார் கட்டிய வீடு அது.

அப்புறம் அந்த சென்சார் குழாய். கையை நீட்டினால் மூன்று நொடி தண்ணீர், நின்றுவிடும். தயிர்சாதம் காய்ந்த டிபன் பாக்ஸை அதில் எப்படிக் கழுவுவது? தினமும் புளித்த வாடையோடு அப்படியே பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வருகிறேன்.