சித்தப்பாவுக்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

அக்கா மகள் சென்னையில் ஓவியம் படித்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறாள். வரையவும் செய்வேன், வேஷம் போட்டு ஆட்கள் முன்னால் நிகழ்த்தவும் செய்வேன், இரண்டும் சேர்ந்ததுதான் என் வேலை என்கிறாள். "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் வேண்டாம், ஏதாவது ஒண்ணை உருப்படியா பண்ணு" என்று வீட்டில் ஆளாளுக்குப் புத்தி சொல்கிறார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. சேலம் குகைப் பகுதியில் பிறந்து வளர்ந்தவர்கள் இதைச் சொல்லலாமா?

ஆடி மாதம் குகை மாரியம்மன், காளியம்மன் கோயில் வண்டி வேடிக்கைக்குத் தோள் மேல் உட்கார்ந்து போனவர்கள்தானே நாம் எல்லோரும். சாமி வேஷம் கட்டியவர்களைச் சுமந்துகொண்டு, சீரியல் லைட் மின்ன வண்டிகள் வரும். அதில் எங்கள் சித்தப்பாவின் வண்டியும் ஒன்று. வருஷம் முழுக்க அவர் லாரிகளுக்கும் கடைகளுக்கும் எழுத்து எழுதுகிறவர். ஃபிளக்ஸ் வந்தபிறகு கடை வேலை போய்விட்டது, லாரி மட்டும் மிச்சம். ஆடி வந்தால் வண்டிக்குச் சட்டம் அடிப்பதும், பின்னால் மலையும் மேகமும் தீட்டுவதும், பிள்ளைகளுக்கு அரிதாரம் பூசுவதும் அவர்தான்.

ஒரு வருஷம் நரசிம்மர் கட்டினார். மதியமே மஞ்சளைக் குழைத்து முகத்தில் தடவ ஆரம்பித்துவிட்டார். கண்ணைச் சுற்றிக் கறுப்புக் கோடு இழுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார், லாரியில் எழுத்துக்குக் கரை கட்டும்போதும் அப்படித்தான். இடுப்பை இரும்புக் கம்பியோடு சேர்த்துப் பெல்ட்டால் கட்டி, மேலே பட்டுத்துணி சுற்றிவிட்டோம். மடியில் இரணியனாக எதிர்வீட்டுப் பையன். தூக்கிய கை தூக்கியபடி, விழித்த கண் விழித்தபடி ராத்திரி முழுக்க வந்தார். வண்டி நின்ற இடத்தில் ஒரு பாட்டி கையெடுத்துக் கும்பிட்டு அழுதது. அப்போதும் அவர் முகம் அசையவில்லை. விடியற்காலையில் இறக்கியபோது அந்தக் கை மடங்கவே இல்லை, நானும் சித்தியும் தேங்காய் எண்ணெய் தேய்த்து மெல்ல மடக்கினோம்.

அக்கா மகள்தான் எனக்கு நிகில் சோப்ராவைப் பற்றிச் சொன்னாள். பரோடாவில் ஓவியம் படித்தவர். நிலக்காட்சி ஓவியரான தன் தாத்தாவை மனதில் வைத்து ஒரு பாத்திரத்தை உருவாக்கி, அந்த வேஷத்திலேயே ஆட்கள் முன்னால் சாப்பிட்டு, தூங்கி, உடை மாற்றி, கரித்துண்டால் பெரிய பெரிய படங்களை வரைகிறவர். 2019இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் தொடர்ந்து ஒன்பது நாள் அப்படிச் செய்திருக்கிறார். கேட்டபோது புல்லரித்தது. வரைகிற கையும் வேஷம் கட்டிய உடம்பும் ஒன்றுதான் என்பதை அவர் வாழ்ந்தே காட்டிவிட்டார்.

அவருடைய ஒவ்வொரு நிகழ்வுக்கும் தேதியும் படமும் குறிப்பும் இருக்கின்றன. நிகழ்த்துகிற கலை முடிந்த மறுநாள் கையில் எதுவும் மிஞ்சாது, பதிவுதான் மிஞ்சும். அடுத்த வாய்ப்பு அதைப் பார்த்துத்தான் வரும். சித்தப்பாவின் முப்பது வருஷத்துக்கு எங்கள் வீட்டில் நாலு போட்டோதான் இருக்கிறது, அதில் ஒன்று நீர் பட்டு ஒட்டிப்போனது.

கலைஞர்களுக்கான உதவித்தொகைக்கு ஒருமுறை அவரை அழைத்துப் போனேன். படிவத்தில் ஓவியர், நடிகர், ஒப்பனை என்று தனித்தனிக் கட்டங்கள், ஒன்றில்தான் டிக் போட வேண்டும். "மூணும் நான்தானேப்பா" என்றார். எதிரே இருந்தவர் தலை நிமிராமல், முடிவு பண்ணிவிட்டு வாங்க என்றார். திரும்பி வந்துவிட்டோம், அப்புறம் போகவே இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், அவளை விடுங்கள். சம்பாத்தியத்துக்குச் சுவரோவியம் வரையட்டும், பள்ளியில் பாடம் எடுக்கட்டும், ஆனால் எதையும் வெட்டிவிடச் சொல்லாதீர்கள்.

இந்த ஆடிக்குச் சித்தப்பா கூடவே இருக்கப்போகிறாள். சட்டம் அடிப்பதிலிருந்து வேஷம் கலைப்பது வரை எல்லாவற்றையும் பதிவு செய்யப்போகிறாள். குகை, செவ்வாய்ப்பேட்டை, அம்மாப்பேட்டைக்காரர்கள் யார் வீட்டிலாவது பழைய வண்டி வேடிக்கைப் போட்டோ இருந்தால் உள்பெட்டிக்கு அனுப்புங்கள். வேஷம் கட்டினவர் பெயர், எந்த வருஷம், தெரிந்தால் அதையும் எழுதுங்கள். மங்கியிருந்தாலும் பரவாயில்லை.