கடைசி ராத்திரிக்கு ஒரு ரூம்

வெளிநாட்டுப் பயணத்தின் கடைசி ராத்திரிக்கு ஒரு ரூம். நான் கேட்டது அவ்வளவுதான். நீச்சல் குளம் கேட்கவில்லை, பதினெட்டாவது மாடியிலிருந்து நகரக் காட்சி கேட்கவில்லை. பெரியவர்கள் மூன்று பேர், பிள்ளைகள் இரண்டு பேர், பெட்டி ஐந்து, மறுநாள் காலை ஏழு மணிக்கு விமானம். படுத்து எழுந்து கிளம்ப ஓர் இடம் வேண்டும். அதைத் தேட மூன்று ராத்திரி போனது. தேடிப் பிடித்த இடத்தில் நாங்கள் தூங்கியது மூன்று மணி நேரம்கூட இருக்காது. வீடு திரும்பிப் பத்து நாளுக்கு மேல் ஆகியும் ஆத்திரம் அடங்கவில்லை.

மற்ற ராத்திரிகளைப் போன்றதல்ல கடைசி ராத்திரி. போய் இறங்கிய அன்று களைப்பில் எங்கே படுத்தாலும் தூக்கம் வரும். கடைசி ராத்திரியில் வேலை இருக்கிறது. எல்லாப் பெட்டிகளையும் தரையில் விரித்துப் போட்டு மறுபடி அடுக்க வேண்டும். பெட்டிக்கு 23 கிலோ என்றால் ஒன்றில் இருப்பதை எடுத்து இன்னொன்றில் வைத்து சரிக்கட்ட வேண்டும். 100 மில்லிக்கு மேல் உள்ள குப்பிகளைக் கைப்பையிலிருந்து பொறுக்கியெடுத்துப் பெரிய பெட்டிக்குள் தள்ள வேண்டும். பாஸ்போர்ட்டுகளை ஒரே பையில் சேர்க்க வேண்டும். விடிவதற்குள் எல்லோரையும் எழுப்பிக் கீழே இறக்க வேண்டும். குடும்பத்தோடு போன எவருக்கும் இது தெரியும்.

முன்பதிவுத் தளங்களுக்கு மட்டும் இது தெரியவே தெரியாது. எத்தனை பேர், எத்தனை ராத்திரி, இந்த இரண்டு கேள்விதான். வடிகட்டிப் பார்க்கலாம் என்று போனால் உடற்பயிற்சிக் கூடம், ஸ்பா, செல்லப்பிராணி, மதுக்கூடம் என்று இருபது கட்டங்கள். லிஃப்டில் பெட்டியோடு எத்தனை பேர் ஏறலாம்? வாசலில் எத்தனை படி? விடியற்காலை மூன்று மணிக்கு ரிசப்ஷனில் ஆள் இருப்பாரா? கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பெட்டியைத் திறக்க இடம் உண்டா? இதற்கெல்லாம் கட்டம் கிடையாது. முட்டி வலியோடு ஓர் அம்மாவை அழைத்துக்கொண்டு போகிறவனுக்கு ஸ்பா எதற்கு?

அடுத்தது 'ஃபேமிலி ரூம்' என்ற அந்த வார்த்தை. என் வயிற்றெரிச்சல் முழுக்க அதன் மேல்தான். டபுள் என்றால் இருவர் சேர்ந்து படுக்கும் ஒரே கட்டில், ட்வின் என்றால் தனித்தனியாக இரண்டு கட்டில். ஓரளவுக்காவது இவற்றை நம்பலாம். ஃபேமிலி ரூமுக்கு அப்படி ஓர் அர்த்தமே கிடையாது. ஓரிடத்தில் அது இரண்டு பெரிய கட்டில், இன்னோரிடத்தில் ஒரு கட்டிலும் அடுக்குக் கட்டிலும், மற்றோரிடத்தில் ஒரு கட்டிலும் விரித்தால் படுக்கையாகும் சோபாவும். அந்த சோபாவில் படுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், நடு முதுகில் குறுக்கே ஓடும் அந்த இரும்புக் கம்பி. படத்தில் கம்பி தெரியாது. வெள்ளை விரிப்புப் போட்டு, இரண்டு தலையணையை நிமிர்த்தி வைத்து, அகலக் கோணக் கேமராவில் எடுத்திருப்பார்கள். பத்தடி அறை இருபதடியாகத் தெரியும்.

பிள்ளைகளின் வயதைப் போடச் சொல்வார்கள். போட்டால் ஒரு ஹோட்டலுக்குப் பதினொரு வயதுப் பையன் குழந்தை, அடுத்த ஹோட்டலுக்கு அவன் முழு ஆள். ஆறு வயது வரை இலவசம் என்பார்கள் சிலர், பன்னிரண்டு வரை என்பார்கள் சிலர். 'குழந்தைகள் இலவசம்' என்று பெரிய எழுத்தில் இருப்பதன் கீழே, கூடுதல் கட்டில் கிடையாது என்று பொடி எழுத்தில் இருக்கும். அப்படியானால் அந்தக் குழந்தை எங்கே படுக்கும்? அதை எழுத எவருக்கும் மனம் வரவில்லை.

ஐந்து பேர் என்று போட்டால் பெரும்பாலும் இரண்டு ரூம்தான் காட்டும். சரி, இரண்டாகவே இருக்கட்டும், பக்கத்துப் பக்கத்தில் கொடுத்தால் போதும். நடுவில் கதவு உள்ள இணைப்பு அறை வேறு, அடுத்தடுத்த அறை வேறு. இது ஹோட்டல்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் முன்பதிவில் அது எப்போதும் 'வேண்டுகோள்' மட்டும்தான்: இருந்தால் தருவோம், உறுதி இல்லை. நான் எழுதினேன். அம்மா வயதானவர், பிள்ளைகள் சின்னவர்கள், ஒரே மாடியிலாவது கொடுங்கள் என்று இரண்டு தடவை எழுதினேன். 'உங்கள் வேண்டுகோள் கிடைத்தது' என்று பதில் வந்தது. கிடைத்த அறைகள் இரண்டாவது மாடியிலும் ஐந்தாவது மாடியிலும்.

நட்சத்திரத்தைப் பார்த்து எடுக்கலாமே என்பார்கள். உலகம் முழுதுக்கும் பொதுவாக நட்சத்திரம் கொடுக்கும் அமைப்பு என்று ஒன்று இல்லவே இல்லை. ஐரோப்பாவில் பல நாடுகள் சேர்ந்து 2009-ல் ஹோட்டல்ஸ்டார்ஸ் யூனியன் என்று ஆரம்பித்து ஒரே அளவுகோலைக் கொண்டுவந்தன. பிரான்சில் அதற்குத் தனி முறை. வேறு இடங்களில் அரசு கொடுக்கும், சங்கம் கொடுக்கும், ஒன்றுமில்லாவிட்டால் தளமே போட்டுக்கொள்ளும். ஒரு நாட்டு மூன்று நட்சத்திரத்தை இன்னொரு நாட்டு மூன்று நட்சத்திரத்தோடு ஒப்பிடவே முடியாது. மதிப்பெண்ணும் அப்படித்தான். தனியாக ஒரு கைப்பையோடு போனவரும் புதுமணத் தம்பதியும் கொடுத்த எண்ணை வைத்து நான் ஐந்து பேருக்கு முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

விலை இன்னொரு கொடுமை. முதல் பக்கத்தில் ஒன்று, அறையைத் தேர்ந்தெடுத்தால் ஒன்று, பணம் கட்டும் பக்கத்தில் ஒன்று. வரி, சேவைக் கட்டணம், சுத்தம் செய்யும் கட்டணம் என்று ஒவ்வொன்றாகச் சொட்டும். இது என் ஒருவனின் புலம்பல் இல்லை. அமெரிக்காவில் நுகர்வோரைப் பாதுகாக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் இதற்கென்றே விதி போட்டு, வரி நீங்கலாகக் கட்டாயக் கட்டணங்களையெல்லாம் சேர்த்த தங்குமிட விலையை முதலிலேயே காட்டியாக வேண்டும் என்றது. 2025 மே மாதம்தான் அது நடைமுறைக்கு வந்தது. 'இந்த விலையில் ஒரே ஒரு அறைதான் பாக்கி', 'இப்போது பதினான்கு பேர் பார்க்கிறார்கள்' என்று அவசரப்படுத்தும் வித்தைக்காக வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் பிரிட்டனின் ஆணையம் 2019-லேயே ஆறு பெரிய தளங்களை வழிக்குக் கொண்டுவந்தது. சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய அளவுக்கு இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. இவ்வளவுக்குப் பிறகும், ராத்திரி ஒரு மணிக்குச் சிவப்பு எழுத்தில் 'ஒன்றுதான் பாக்கி' என்று வந்ததும் என் கை பதறி, பணம் திரும்பக் கிடைக்காத கட்டணத்தை அழுத்திவிட்டது. அப்படிப் பதற வைப்பதற்காகவே ஒருவர் உட்கார்ந்து அந்தச் சிவப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

இதற்கு மேல் நகர வரி. ரோம், பாரிஸ் போன்ற நகரங்களில் ஹோட்டலின் நட்சத்திரத்தைப் பொறுத்து தலைக்கு, ராத்திரிக்கு இவ்வளவு என்று உண்டு. ஆம்ஸ்டர்டாமில் 2024 முதல் அறை வாடகையில் 12.5 சதவீதம். ஊருக்கு வரி கட்டுவதில் எனக்குத் தகராறே இல்லை. அதை ரிசப்ஷனில் வந்து நின்ற பிறகு சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

"ஏர்போர்ட் பக்கத்திலேயே எடுத்திருக்கலாமே?" என்று திரும்பி வந்ததும் ஆளாளுக்குக் கேட்டார்கள். கடைசி சாயங்காலத்தை ஊருக்குள் கழிக்க வேண்டும் என்று பிள்ளைகள் முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது தப்பா? போதாக்குறைக்கு, எங்கள் விலைக்குக் கிடைத்த விமான நிலைய ஹோட்டல்களின் வேன் காலை ஐந்து மணிக்குத்தான் முதல் நடை எடுக்கும். ஏழு மணி சர்வதேச விமானத்துக்கு நான்கு மணிக்கே போய் நிற்க வேண்டியவனுக்கு அது எதற்கு? நாங்கள் எடுத்த நகர ஹோட்டலில் 'விமான நிலையம் 25 நிமிடம்' என்று போட்டிருந்தது. ரயிலில் 25 நிமிடம். அந்த ரயில் காலை ஐந்தேகாலுக்கு முன் ஓடாது என்பதை நானாகத் தேடிக் கண்டுபிடித்தேன்.

எல்லாவற்றையும்விட என்னை எரிய வைப்பது இந்த நடுத்தர விலைதான். மலிவான இடம் எதையும் வாக்குக் கொடுப்பதில்லை, நாமும் எதிர்பார்க்க மாட்டோம். பெரிய ஹோட்டலில் கேட்டால் செய்து கொடுப்பார்கள். நடுவில் இருப்பவர்கள் பேச்சில் பெரிய ஹோட்டல், கொடுப்பதில் சத்திரம். குடும்பங்கள் வந்து மாட்டுவது இங்கேதான்.

ராத்திரி ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். முன்பணமாக என் வங்கி அட்டையில் ஒரு தொகையை எடுக்க முடியாதபடி நிறுத்திவைத்தார்கள், காலையில் விடுவிக்கப்படும் என்றார்கள். லிஃப்டில் மூன்று பேர் என்று எழுதியிருந்தது. பெட்டியோடு ஒருவர்தான் நிற்க முடிந்தது. இரண்டு மாடிக்கும் பிரித்து ஏற்றி முடிக்கப் பத்து மணி. என் அறையில் பெட்டியைக் கட்டில் மேல் வைத்தால்தான் திறக்க முடியும், கட்டிலில் பிள்ளை தூங்குகிறான். குளியலறை வாசலில் குந்தி உட்கார்ந்து, பாதி திறந்த பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவித்தான் அடுக்கினேன். எடை பார்க்கும் கொக்கி ஐந்தாவது மாடியில் மனைவியிடம். பாஸ்போர்ட்டில் இரண்டு அங்கே, மூன்று இங்கே. பதினொன்றரைக்கு போன் வந்தது. "என்னங்க, அம்மாவோட மாத்திரை டப்பா எந்தப் பெட்டியில இருக்கு?" என்னிடம் இருந்த பெட்டியில்தான். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியேறிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கதவைத் திறந்த அம்மாவின் கண்ணில் தூக்கமே இல்லை. "எனக்குத்தாண்டா உங்களுக்கெல்லாம் சிரமம்" என்றார். எழுபத்திரண்டு வயது மனுஷி தன்னைச் சுமையாக நினைக்கும்படி ஆக்கினார்களே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இரண்டரைக்கு எழுந்து, மூன்று மணிக்குப் பெட்டிகளோடு கீழே வந்தோம். '24 மணி நேர ரிசப்ஷன்' மேசையில் ஒரு போன் நம்பர் ஒட்டிய அட்டையும் சாவி போடும் பெட்டியும்தான் இருந்தன. அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. ஐந்து பேருக்கும் சேர்த்துப் பணம் கட்டிய காலை உணவு ஏழு மணிக்கு. பொட்டலமாகக் கட்டித் தரச் சொல்லி வந்ததுமே கேட்டேன், ராத்திரி எட்டு மணிக்குள் சொல்லியிருக்க வேண்டுமாம். சின்னவள் பசிக்கிறது என்று படியில் உட்கார்ந்துவிட்டாள். டாக்ஸிக்காரர்தான் இறங்கி வந்து, வாசல் படி ஏழிலும் பெட்டிகளைத் தூக்கி இறக்கினார். அந்த ராத்திரியில் எங்களை மனுஷர்களாகப் பார்த்த ஒரே ஆள் அவர்.

சாவிகளைப் பெட்டியில் போட்டேன். முன்பணத்துக்கு ரசீது தர ஆள் இல்லை. ஹோட்டலுக்கு எழுதினால், நாங்கள் விடுவித்துவிட்டோம், உங்கள் வங்கியைக் கேளுங்கள் என்கிறார்கள். வங்கியில் கேட்டால், ஹோட்டலிலிருந்து எதுவும் வரவில்லை என்கிறார்கள். இன்று காலையும் கணக்கைத் திறந்து பார்த்தேன். தொகை அப்படியே நிற்கிறது.